முன்சக்கர மோட்டார்

"அது மேடு ஏறாது, உம்மு வலீத்," என்றார் மெக்கானிக் மிலாத். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏறாட்டி போகுது. அதையே மாட்டுங்க, உஸ்தா."

கடை வாசலில் அவளுடைய மூன்று சக்கரச் சரக்கு சைக்கிள் நின்றது. பின்பக்க இரும்புத் தொட்டியில் எட்டு கேஸ் சிலிண்டர்கள். புருஷன் போன பிறகு அவளேதான் மிதிக்கிறாள். இப்போது கம்பெனி லாரி தினமும் அவளை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இவள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பாதி வீடுகளில் அடுப்பு எரிகிறது. மோட்டார் வைத்தால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

மிலாத் இரண்டு மோட்டார்களையும் பலகை மேல் வைத்தார்.

"இங்க பாருங்க. இது முன்சக்கரத்துக்குள்ளயே உக்கார்றது. சமதரையில பறக்கும். ஆனா உங்க பாரம் பூரா பின்னால. மேட்டுல முன்சக்கரம் தரையில அழுந்தாது, நின்ன இடத்துலயே சுத்தும். இது செயின்ல மாட்டுறது. பின் அச்சையே பிடிச்சு இழுக்கும். கோம் மேட்டுல நீங்க டீ குடிச்சிக்கிட்டே ஏறலாம்."

"டீய நான் கீழயே குடிச்சுக்கறேன். முன்சக்கரம்."

"விலைக்காகப் பாக்கறீங்களா?"

"விலைய நான் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். பேட்டரியில் கடையிலேயே பெரியதைக் கைகாட்டினாள். பிரேக்குக்குத் தகடு வைத்ததுதான் வேண்டும் என்றாள். மிலாத் ரப்பர் கட்டையைத் தொட்டபோதே, "எட்டு சிலிண்டரோட இறங்கறப்ப இதுவா நிறுத்தும்? இத உங்க மச்சான் சைக்கிளுக்கு மாட்டுங்க" என்றாள். இவ்வளவு விவரம் பேசுகிறவள் மோட்டார் விஷயத்தில் மட்டும் குரங்குப் பிடியாகப் பிடித்தாள்.

மிலாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாளைக்கு மேட்டுல வண்டி நின்னா ஊர் உங்களத் திட்டாது. ஒரு விதவைய மிலாத் ஏமாத்திட்டான்னு பழிய என் தலையிலதான் போடும்."

"என் பேரச் சொல்லுங்க. பிடிவாதக்காரி, சொன்னாக் கேக்கலன்னு. ஊருக்கு அது புதுசு இல்ல. என் மாமியார் எப்பவோ பரப்பினதுதான்."

கஞ்சத்தனம் இல்லை, விவரமில்லாமலும் இல்லை. அப்படியானால் திமிர்தான் என்று முடிவுகட்டி, முன்சக்கரத்தைக் கழற்றினார் மிலாத்.

மாட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவது அவர் வழக்கமில்லை. தொட்டியின் விளிம்பில் தொற்றிக்கொண்டார்.

டிராம் சாலையில் வண்டி சத்தமே இல்லாமல் போனது. கடல்காற்று அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளியது. சந்துகளுக்குள் நுழைந்ததும் ஒரு கையால் ஸ்பேனரை எடுத்துப் பின்னால் நீட்டி, சிலிண்டரில் டங் டங்கென்று தட்டினாள். மாடி ஜன்னல்கள் திறந்தன.

"என்ன உம்மு வலீத், லாரிக்கு முன்னாடியே வந்துட்ட?"

"லாரி இன்னும் தூங்குது. மேட்டுக்குப் போயிட்டு வந்து தரேன்."

மேட்டடி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"உஸ்தா, இப்பச் சொல்றேன். உங்களோட இருக்கட்டும். சுவரோரமா நிக்கிறாரு பாருங்க, ஹில்மி அண்ணன். துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. இந்த மேட்டுல வண்டி தள்ளி விடறதுதான் இப்ப அவரு பிழைப்பு. முன்னெல்லாம் வரிசையா வண்டி நிக்கும். ஒவ்வொருத்தனா மோட்டார் மாட்டிட்டு அவரத் தாண்டிப் போயிட்டான். என் வண்டி ஒண்ணுதான் மிச்சம்."

"கையில ஏதாவது குடுத்துட்டுப் போறது?"

"வாங்கினாத்தானே? பெருநாளைக்குக் கறி குடுத்தனுப்பினேன். உழைக்காம வந்த கறி எனக்குச் செரிக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வேற எந்த வழியில குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

மிலாத்துக்குக் கடையில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மேட்டில் கொஞ்சம் ஏறியதுமே முன்சக்கரம் சர்ரென்று வெறுமனே சுற்றியது. வண்டி நின்றுவிட்டது. மிலாத் குதித்து இறங்கினார். ஹில்மி மெல்ல நடந்து வந்தார்.

"புது மோட்டாராமே? என்ன இது, கழுதை மாதிரி பாதியில நிக்குது?"

"உங்களப் பாத்ததும் மரியாதைக்கு நின்னுடுச்சு, அண்ணே."

ஹில்மி சிரித்துக்கொண்டே தோளைக் கொடுத்தார். மிலாத்தும் பக்கத்தில் நின்று தள்ளினார். உச்சிக்குப் போனதும் அவள் கூலியை நீட்டினாள். ஹில்மி அதை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்க் கட்டிடத்துப் படிகளில் மறைந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஹில்மி சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கியதும் மிலாத்தின் சட்டையைப் பற்றி அருகில் இழுத்தார்.

"ஏன்யா, நீதான் இத மாட்டினவனா? உன் கடையில மேடு ஏறற மோட்டாரே இல்லையா?"

மிலாத் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"தமன்ஹூர்ல என் மக எனக்குன்னு கட்டில் போட்டு வெச்சு, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நெஞ்சு வலி வேற. இந்தப் பொம்பளைய மேட்டுல தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் இத்தனை நாளா நிக்கறேன்."

படியில் அவள் இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஹில்மி குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படுவா. அவ மோட்டார் வாங்கப் போறான்னு கேள்விப்பட்டு நேத்துதான் மூட்டையக் கட்டினேன். போய் அவுக்கணும்."