வீட்டார் சாட்சி

இணையப் பாதுகாப்பு மாநாட்டு வாசலில் பேராசிரியர் தணிகைவேல் நின்றுகொண்டிருந்தார். முகம், குரல், கைரேகை என்று எல்லாமே நகல் எடுக்கப்படுவதால், ஆள் அசல்தான் என்று வீட்டார் ஒருவர் சாட்சி சொன்னால்தான் கதவு திறக்கும். போன வருட மாநாட்டில் கைதட்டல் வாங்கிய இந்த யோசனை அவருடையதுதான்.

முந்தின நாளே வந்து, பக்கத்து அரங்கில் ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் மாநாட்டில் இருந்த மனைவி பிரமிளாவைக் கதவிலிருந்த கருவி போனில் அழைத்தது.

“என்னோட கட்டுரை எதைப் பத்தி?” என்று ஸ்பீக்கரில் கேட்டாள்.

“ஜப்பான்காரங்க முடியாதுன்னு சொல்லாமலே மறுக்கறதை நம்ம பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு. நாலு உதாரணம். மூணாவதுதான் பிரமாதம்.”



“இது அவர் இல்லீங்க. நான் சொல்றதை அவர் காதுல வாங்கினதே கிடையாது.”

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு காவலர்கள் நெருங்கினார்கள்.

“பிரமி! ரயில்ல வர்றப்ப ரெண்டு தடவை படிச்சேன்மா!”

“அப்படியா? நேத்து கிளம்பறப்ப சொன்னேனே, மாடியில காயற துணியை எடுத்தீங்களா?”

“துணியா? எப்பச் சொன்னே?”

“இவரேதான். உள்ள விடுங்க.”

கதவு திறந்தது. ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை.

“நிஜமாவே ரெண்டு தடவையா?”