காவலுக்கு வேண்டிய வார்த்தைகள்

வேன் சத்தம் கேட்டால் இன்றும் செவலை நாய்க்குக் கொம்பி ஆட்டின் ஞாபகம் வந்துவிடும். மந்தைக் காவலுக்கு வந்த புதிதில் அதற்கு ஆட்டுப் பாஷை சொல்லிக்கொடுத்தது கொம்பிதான். நில்லு, பள்ளம், நரி, மந்தைக்குத் திரும்பு என்று வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும்.

"பிரியமா இருக்கேன்னு சொல்றதுக்கு என்ன வார்த்தை, டீச்சர்?" என்று ஒருநாள் செவலை கேட்டது.

"காவல்காரனுக்கு அது எதுக்குப்பா? முதல்ல உச்சரிப்பைச் சரி பண்ணு. நீ நரின்னு கத்தினா எங்களுக்குச் சிரிப்புதான் வருது."

கொம்பியைச் சந்தைக்கு வேனில் ஏற்றிய அன்று செவலை பின்னாலேயே ஓடியது. சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"மந்தைக்குத் திரும்பு. மந்தைக்குத் திரும்பு."

கம்பிக்கு நடுவே கொம்பி தலையை நீட்டியது.

"இப்பதான் சரியாச் சொல்றே," என்றது.