நுரை

எந்த மாதம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அழகு நிலைய வரவேற்பாளரான அவளுடைய தலைமுடி வைக்கோலாகியிருந்தது மட்டும் நிச்சயம்.

"ஒரு மாசத்துல முடி தேறலன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றாள் முதலாளியம்மா.

அன்றே அவள், நுரை தந்து முடியை வறட்டும் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவுக்கு மாறினாள். கெடு முடியும் நாளில், குளியலறையில் உடைந்து அழுதாள்.

"முதல் நாள் நுரையே வரலைங்க. இப்ப நுரை பொங்குது, முடியும் கொத்துக் கொத்தா கையோட வருதே!"

"பொங்காம?" கதவருகே கணவன் பெருமையாகச் சிரித்தான். "நீ புலம்பினது பொறுக்காம நான்தான் அந்த ஷாம்பூவுல பாத்திரம் கழுவுற லிக்விடைக் கலந்து வச்சேன்."

அவளுக்கு வேலை போனது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அந்த லிக்விடை இப்போது பாத்திரங்களுக்குத்தான் போட்டுக் கழுவுகிறான் அவன், மூன்று வேளையும்.