மலையாண்டிக்கு முதல் மரியாதை

"வெப்சைட்டே போதும்ப்பா. ஆப்பெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றான் முத்துக்கண்ணன்.

மொக்கச்சாமி மகனைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அன்புச்செல்வனைப் பார்த்தார். போடி ஏலத்தோட்டக்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றத்தை நடத்துகிறவன் அவன். தலைவர் மொக்கச்சாமி. பழைய வெப்சைட்டிலேயே தொடர்வதா, தனி ஆப்புக்கு மாறுவதா என்று கேட்டதில் உறுப்பினர்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். இனி தலைவர் சொல்வதுதான் முடிவு.

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்? வெரசா சொல்லு, சோலி கெடக்கு."

"வெப்சைட்டுன்னா கம்ப்யூட்டர்ல பெரிய எழுத்தாப் படிக்கலாங்கய்யா. போன மழைக்கு அழுகலுக்கு என்ன மருந்து அடிச்சோம்னு தேடுனா உடனே வந்துரும். ஆனா யாரு வேணா எந்தப் பேர்லயும் எழுதலாம். ஆப்புல அது நடக்காது. செல் நம்பரோடதான் உள்ள வரணும். மெசேஜ் வந்தா டிங்குன்னு சத்தம் குடுக்கும்."

"நாள் பூரா டிங்கு டிங்குன்னு உசிர வாங்கும்," என்றான் முத்துக்கண்ணன். "மேல தோட்டத்துல சிக்னலே கெடையாது. ஆப்ப வச்சு என்ன செய்ய?"

"வெப்சைட்டு மட்டும் சிக்னல் இல்லாம வருமாக்கும்?" என்றார் மொக்கச்சாமி.



மொக்கச்சாமிக்கு ஆப் வேண்டியிருந்ததற்குக் காரணம் மலையாண்டி.

போன மாதம் மன்றத்தில் எவனோ ஒருவன், மொக்கச்சாமி வீட்டு ஏலக்காயின் பச்சை நிறம் சாயத்தால் வந்தது என்று எழுதிவிட்டான். தாத்தா காலத்திலிருந்து காத்து வந்த பெயர். ஆனாலும் தனக்காகத் தானே வாதாடுவது கௌரவமில்லை என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் மலையாண்டி என்ற பெயரில் ஒருவர் எழுதினார்:

'சாயத்தோடு வந்த வியாபாரியை அந்தப் பெரியவர் வாசலோடு திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வருஷம் காய் வெளுத்து அடிமாட்டு விலைக்குப் போனது. அப்போதும் அவர் சாயத்தைத் தொடவில்லை.'

அதோடு பேச்சு அடங்கியது. பழி சொன்னவன் மன்னிப்புக் கேட்டான்.

அன்றே மொக்கச்சாமி மன்றத்தில் வாக்குக் கொடுத்தார். மாசியில் தங்கள் குலசாமி கும்பிடுக்கு மலையாண்டி வர வேண்டும், யாராக இருந்தாலும் முதல் மரியாதை அவருக்குத்தான் என்று. மலையாண்டியிடமிருந்து பதில் இல்லை.

"ஆளு யாருன்னு தெரியாம யாருக்குடா மரியாதை செய்யிறது? கும்பிடு நெருங்கிருச்சு. சொன்ன சொல்லுல நிக்கலேன்னா எவன் மதிப்பான்?"

"வர இஷ்டம் இருந்தா அவரே சொல்லியிருப்பாருல்லப்பா."

மொக்கச்சாமி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, அது நீதானா?"

"நானா? நாலு வரி சேந்தாப்புல எழுதத் தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க."

"அதுவும் சரிதான்."

அன்புச்செல்வன் சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்தான்.

"எனக்குப் பிள்ளைன்னு இருக்கிறது இவன் ஒருத்தன். குடும்பத்தப் பழிச்சுப் பேசுனப்போ இவன் கம்முனு கெடந்தான். எவனோ வந்து பேசுனான். அந்த ஆள நான் பாக்க வேணாமா? நீ ஆப்பே போட்டுருப்பா."

"அப்பா, ஒரு வாட்டி யோசிங்க. நம்பரு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்."

"தெரியணும்னுதான்டா சொல்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்புச்செல்வன் மறுபடி வந்தான். மொக்கச்சாமியின் போனில் ஆப்பை ஏற்றினான். முதல் செய்தியை அவரே சொல்லச் சொல்லத் தட்டினான்: 'மலையாண்டி அவர்களே, உள்ளே வாருங்கள். கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. மொக்கச்சாமி.'

ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பேருக்கும் டிங் என்றது.

"தேவாரத்து ஜக்கையன் வந்துட்டாருங்கய்யா. காலை வணக்கம்னு ரோசாப்பூ அனுப்பியிருக்காரு."

"இதுக்குத்தான் ஆப்பா?"

"ராசிங்காபுரத்து சுடலையும் ரோசாப்பூதான்."

முத்துக்கண்ணன் கதவோரம் நின்றிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மறுபடி டிங். அன்புச்செல்வன் நிமிர்ந்தான். "ஐயா, மலையாண்டி."

'கூப்பிட்டதால் வந்தேன். மரியாதை எல்லாம் வேண்டாம். கும்பிட்டுவிட்டு மட்டும் போகிறேன்' என்று இருந்தது. பக்கத்தில் அவருடைய எண்.

"இந்த நம்பரு நம்மகிட்ட இல்லாத நம்பரா இருக்கே. போட்டுப் பேசிப் பாக்கட்டுங்களா?"

மொக்கச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். எண்ணின் முதல் பாதியிலேயே அவர் பார்வை நின்றுவிட்டது. முத்துக்கண்ணன் தரையைப் பார்த்தான்.

"வேணாம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கும்பிடுல முதல் மரியாதைக்குப் பூசாரி என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். முதுகு வளையவில்லை.

"காளீஸ்வரின்னு கூப்பிடச் சொல்லு," என்றவர், மகன் பக்கம் திரும்பினார். "நம்ம வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நான் சொல்லி இத்தனை வருசமாச்சு, உன் தங்கச்சி இன்னும் நம்பர மாத்தலையாடா?"