பதினாலு கோப்பி

"கோப்பிக்கு மட்டும் இருபத்தோராயிரமா? இத வெட்டுவம் ஐயா."

ரதீஸ் பேனாவைத் தூக்கினான். எதிரே இருந்த கதிர்காமத்தம்பி பட்டென்று செலவுக் கணக்குத் தாளின் மேல் கையை வைத்தார்.

"அதில மட்டும் கைவையாத மகன்."

மட்டக்களப்பு நகரில் ரதீஸின் பயணச்சீட்டுக் கடைக்கு வருகிறவர்கள் கட்டாருக்குப் போவார்கள், டுபாய்க்குப் போவார்கள். கொஞ்சம் வசதி கண்டவர்கள் சிங்கப்பூர் பார்த்துவிட்டு வருவார்கள். பெரியகல்லாற்றிலிருந்து பஸ் பிடித்து வந்து, நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் ஏழு நாள் நிற்க வேண்டும் என்று கேட்டவர்கள் இந்த வயசாளிக் கணவனும் மனைவியும்தான். அதுவும் கையில் பத்து லட்சத்தோடு. ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த கடைசித் துண்டு வயலை விற்ற காசு. அதற்கு மேல் ஒரு சதம் கிடையாது. ஒஸ்லோவோ ஒரு போத்தல் தண்ணீருக்கே ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டக் கேட்கிற ஊர்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று ரதீஸ் நயமாகச் சொல்லிப் பார்த்தான். சிங்கப்பூர் என்றால் மிச்சமும் பிடிக்கலாம் என்றான். இருவரும் அசையவில்லை. சரி, வந்த ஆளை விடுவானேன் என்று இரண்டு மணித்தியாலமாகச் செலவை வெட்டிக்கொண்டிருந்தான். கணக்கில் ஹோட்டல் அறை போய், அதற்குப் பதிலாக எட்டுப் பேர் ஒன்றாகப் படுக்கிற விடுதி அறையில் இரண்டு கட்டில் வந்திருந்தது.

"மேல் கட்டிலோ கீழ்க் கட்டிலோ?" என்று கேட்டார் கதிர்காமத்தம்பியின் மனைவி ஆச்சிப்பிள்ளை. "இவருக்கு முழங்கால் ஏலாது."

"கீழ்க் கட்டில்தான் அம்மா. சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?"

"இடியப்ப மாவும் சம்பலும் கொண்டுபோறம். கொஞ்சம் கருவாடும்."

"கருவாட்ட விடுங்க. எட்டுப் பேர் படுக்கிற அறை. பொலிசக் கூப்பிட்டிருவாங்க."

ஆச்சிப்பிள்ளை சிரித்தார். கதிர்காமத்தம்பி சிரிக்கவில்லை.

"காசில்லாமப் பாக்கிற இடமெல்லாம் தேடி வச்சிருக்கன் ஐயா," என்றான் ரதீஸ், கொஞ்சம் பெருமையாகவே. "சிலையள் நிறைஞ்ச பெரிய பூங்கா ஒண்டு. கடல் ஓரத்தில ஒரு நாடக அரங்கு, அதின்ட கூரையில ஏறி நடக்கலாம். எல்லாம் சும்மா."

"வேணாம். அங்க போய்வர பஸ்ஸுக்குக் குடுக்கணும்."

"மறுகா அவ்வளவு தூரம் போய் என்னத்தத்தான் பாக்கப் போறீங்க?"

கதிர்காமத்தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். மடித்து மடித்துக் கிழியப்போகும் துண்டு. அதில் ஒஸ்லோவில் ஒரு தெருவின் பெயரும் ஒரு கோப்பிக் கடையின் பெயரும் இருந்தன. விடுதி அந்தக் கடைக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டுமாம். ஆளுக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு இரண்டு கோப்பி, ஏழு நாளைக்குப் பதினாலு. ஒன்று ஆயிரத்து ஐநூறு ரூபாய்.

"ஒரு நாள் குடிச்சுப் பாத்தாக் காணாதா?"

"காணாது."

"வீட்டில இவர் வெறுந்தேத்தண்ணி தவிர ஒண்டும் தொடமாட்டார்," என்று ஆச்சிப்பிள்ளை யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ரதீஸுக்கு எரிச்சல் போய்க் கவலை வந்தது. பாவம், விசா கிடைக்காவிட்டால் கட்டிய காசும் திரும்பாது.

"ஒஸ்லோவில சொந்தக்காரர் ஆரும் இருந்தா ஒரு அழைப்புக் கடிதம் எடுங்களன். விசாவும் சுகமா வரும், விடுதிக் காசும் மிச்சம்."

"எங்களுக்குக் கடிதம் போட அங்க ஆளில்ல மகன்."

"அப்ப, நீங்க திரும்பி வருவீங்க எண்டு அவங்க நம்புறதுக்கு ஏதும் காட்டணும். வீட்டு உறுதிப் பத்திரம் கொண்டுவரச் சொன்னனே?"

"கொண்டந்திருக்கன். ஆனா வீடு என்ட பேரில இல்ல."

ரதீஸ் ஆச்சரியப்படவில்லை. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் மகளுக்கு எழுதுவாள், மருமகன் வந்து குடியிருப்பான். நாவற்குடாவில் ரதீஸ் இருப்பதும் மனைவியின் வீட்டில்தான். மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதைக்கூட அங்கே மாமிதான் தீர்மானிப்பார்.

"அம்மாட பேரிலயா?"

"மகள்ட பேரில," என்றார் ஆச்சிப்பிள்ளை. "எனக்குச் சீதனமா வந்த வீடு. அவ பெரிய பிள்ளையான வருசமே எழுதிப்போட்டன்."

"நல்லதாப் போச்சு. மகள் ஒரு கையெழுத்து வச்சாக் காணும். நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்க."

உறுதியில் 'கதிர்காமத்தம்பி தனுஷா' என்றிருந்த இடத்தைக் கதிர்காமத்தம்பி விரலால் தடவினார்.

"தன்ட விருப்பத்துக்குக் கலியாணம் முடிச்சா எண்டு, 'இனி என்ட வீட்டுப் படிய மிதிக்காத' எண்டு சொல்லித் துரத்தினன்." அவர் உறுதியை மடித்து வைத்தார். "எனக்கு எங்க மகன் வீடு? வீட்டுக்காரியத் துரத்திப்போட்டு, ஏழு வருசமா அவட வீட்டிலதான் படுத்தெழும்புறன்."

ரதீஸ் பேனாவை மூடினான். "மகள் இப்ப எங்க ஐயா?"

ஆச்சிப்பிள்ளை அந்தக் கிழியப்போகும் துண்டை அவன் பக்கமாக நகர்த்தினார்.

"இந்தக் கடையிலதான் கோப்பி ஊத்திக் குடுக்கிறாவாம்."

"முதல் நாளே எங்களுக்கு முகம் தருவாவோ தெரியாது," என்றார் கதிர்காமத்தம்பி. "அதுதான் மகன், ஏழு நாளைக்கும் போட்டிருக்கன்."