குப்பியில் வளர்ந்த புதினா

பாராபங்கியில், செடிகளைத் திசுவிலிருந்து வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் மூவர்: ராம்சுமேர் வர்மா, அங்கே வேலை செய்யும் அவர் மருமகள் சுனைனா, உதவியாளர் நசீமா. வர்மாவின் பரம்பரைப் புதினா வயல் நோயில் கருகிவிட்டது. சுனைனா கிள்ளிவந்து வளர்த்த கொழுந்து மட்டுமே மிச்சம். கழற்ற மறுத்த தலைப்பாகையின் மேல் துணித்தொப்பி மாட்டி, முதுகு வளையாமல் அவர் நிற்கிறார். வெள்ளை வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த கூழில் வேர்விட்டு ஒரு சின்னச் செடி உறங்குகிறது. குளிர்சாதனம் தூக்கத்தில் பேசுவதுபோல் முனகுகிறது. வாசனைதான் இல்லை. "நம்ம வீட்டுப் புதினா என்ன ஊறுகாயா, பாட்டில்ல போட்டு வைக்க?" என்கிறார். "இன்னைக்கு நல்லாத் திட்டுங்க பாபுஜி. இதுவரைக்கும் மூடியைத் திறந்துட்டுப் பேசினாலே பூஞ்சை பிடிச்சிருக்கும். இனிமே இது மண்ணுக்குப் போகுது" என்கிறாள் சுனைனா. முகக்கவசத்துக்குள் நசீமா சிரிப்பது கண்ணில் தெரிகிறது. சுனைனா ஒரு செடியை எடுத்து, வேரில் ஒட்டிய கூழை குழாயின் மெல்லிய நீர்த்தாரையில் கழுவுகிறாள். ஓர் இலை உதிர்ந்து, நீர்த்துளியோடு மிதந்து அவள் காலடியில் இறங்குகிறது. வர்மா குனிந்து அதை எடுத்து விரல்களுக்கிடையே கசக்கி முகர்கிறார். முதலில் ஒன்றுமில்லை. சுனைனாவின் கை குழாயடியில் அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல, கோடையில் அவர் வீட்டில் புதினா எண்ணெய் வடிக்கும் கலத்தின் மூடியைத் திறந்ததும் எழும் அதே குளிர்ந்த காரம். "நம்மதுதான்" என்கிறார். மருமகள் காலில் வர்மா விழுந்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அவர் விழவில்லை. விழுந்தது இலை.