பெரிய வியாழனும் சிரிலின் காலும்

அந்தோணியார் மேல் சத்தியம், மாதா மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! ரிச்சர்ட்ஸ் டவுன் சிரில் பூட்ஸைக் கழற்றினால் எதிர்வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். சாக்ஸைச் சுவரோரம் விட்டால் அது சாயாமல் தானாக நிற்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம். பட்டாளக் கிடங்கில் குமாஸ்தா வேலை. விடிந்தது முதல் அந்திவரை பூட்ஸுக்குள்தான் கால்.

மனைவி பிரிஜெட் இருந்தவரை இந்த நாற்றம் கிடையாது. முந்தின டிசம்பரில் அவளை அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளிலேயே விரலிடுக்கெல்லாம் வெள்ளையாய் ஊறி, வெந்து, உரியத் தொடங்கிவிட்டது.

"துக்கத்துல குளிக்காமக் கிடக்கிறான்" என்றது ஊர்.

பாவம், அவன் வேளாவேளைக்கு சோப்புப் போட்டுக் கழுவினான். கழுவிய ஈரத்தோடு சாக்ஸை மாட்டினான். கழுவக் கழுவ நாற்றம் ஏறியது. 'செத்தவளுக்கு என்மேல் என்ன கோபமோ' என்ற நினைப்பு அவனைத் தின்றது.

பூசையில் அவன் உட்காரும் பெஞ்சில் வேறு ஆள் கிடையாது.

அவனைத்தான் பங்குச் சாமியார், ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகப் பெரிய வியாழனன்று தாம் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் ஒருவனாகச் சேர்த்தார்!

கோயில் சபைத் தலைவர் ஆம்ப்ரோஸ் ஓடி வந்தார். "சாமி, மத்த பதினோரு அப்போஸ்தலரும் மயங்கி விழுந்துடுவோம்!"

"விழுங்க. தண்ணி தெளிக்கக் கையிலே சொம்பு இருக்கும்."

சிரிலும் கெஞ்சினான். "வேணாம் சாமி, மானம் போயிடும்."

"வந்து உட்காரு."

வியாழனன்று மற்றவர்கள் வீட்டிலேயே கால் கழுவி, அத்தர் பூசி வந்திருந்தார்கள். சிரில் பூட்ஸைக் கழற்றியதும் பெண்கள் பக்கம் முக்காடெல்லாம் மூக்குக்கு இறங்கின. ஆம்ப்ரோஸ் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மற்ற கால்களுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஒற்று ஒற்றி, முத்தமிட்டு நகர்ந்த சாமியார், சிரிலிடம் மண்டியிட்டவர் எழுந்திருக்கவேயில்லை. ஒவ்வொரு விரலாக விரித்து, இடுக்கு இடுக்காகத் துடைத்தார். உலர்ந்த துண்டு வாங்கி மறுபடி துடைத்தார். சடங்குக்கு வலது கால் போதும். அவர் இடதையும் இழுத்துக்கொண்டார். பாட்டுக்காரர்கள் பாட்டை முடித்துவிட்டு முதலிலிருந்து பிடித்தார்கள்.

அவமானத்தில் சிரிலுக்குக் கண்ணீர் வழிந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் உடை மாற்றும் உள்ளறைக்குப் போய் நின்றான். "என்ன பாவம் செஞ்சேன் சாமி? ஊரைக் கூட்டிவெச்சு என் புண்ணைக் காட்டணுமா?"

"எப்படித் துடைக்கணும்னு உனக்குக் காட்டினேன்டா."

"தனியாச் சொன்னா கேட்க மாட்டேனா?"

"யார் சொன்னாங்கன்னும் கேட்பே. சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

சாமியார் அறைக் கதவைச் சாத்தினார்.

"பிரிஜெட்டுக்கு. சாகக் கிடந்தப்போ, அவஸ்தைப்பூசுதல்ல அவ காலுக்கு எண்ணெய் பூசறப்போ அழுதா. 'தினம் அவர் தூங்கினப்புறம் விரலிடுக்கை ஈரம் போகத் துடைச்சு, பவுடர் போட்டு, உலர்ந்த சாக்ஸ் எடுத்து வைப்பேன் சாமி. தெரிஞ்சா கூசிப்போவார்னு சொன்னதே இல்லை. இனிமே யார் துடைப்பாங்க?'ன்னா."

சிரில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாமியார் குனிந்து அவன் காதருகே சொன்னார்:

"கல்லறைக்குப் போனா, நான் சொல்லிட்டேன்னு மட்டும் அவகிட்டே சொல்லிடாதே."